செட்டு ஒழுங்காத்தான் கீது

தேன்மொழி,

போன புதன்கிழமை நீ போன் செய்தபோது லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்திருப்பாய். கட்டாகவில்லை, நான்தான் வைத்தேன். இன்னும் அரை நிமிடம் கேட்டிருந்தால் கத்தியிருப்பேன். நான் கத்தினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு உன் இஷ்டப்படிதான் செய்வாய். ஒன்றாம் வகுப்பிலிருந்தே உன் வழக்கம் அது. காகிதத்தில் கத்த முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். இதை முழுக்கப் படித்துவிட்டுக் கூப்பிடு. பாதி படித்துவிட்டுக் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன்.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் கேட்டேனா என்று ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை உங்கள் பெங்களூர் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். படுவேகமாக ஓடும் ரயிலில் உட்கார்ந்து பேசுகிறவர்களின் செல்போன் நடுவில் அறுந்து போகாமல் இருக்க ஒரு வழி செய்து, அதை அவர்களுக்குக் காட்டப் போகிறீர்கள். நம் கும்மிடிப்பூண்டி லோக்கலுக்கு அதெல்லாம் தேவைப்படாது என்று நீயே சிரித்தாய். அந்த வழியைக் கண்டுபிடித்தது நீ. இரண்டு வருடம் தீபாவளிக்குக்கூட ஒழுங்காக வீட்டுக்கு வராமல் உட்கார்ந்து செய்தது நீ. ஆனால் பேசப் போவது உன்னோடு வேலை செய்கிற வேறொருவர். உன் மேனேஜர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, உன் வேலை அருமை, ஆனால் உன் இங்கிலீஷ் பேச்சு வருகிறவர்களுக்குப் புரியாது, அந்த ஆள் பேசட்டும், நீ பக்கத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள் என்றிருக்கிறார். நீயும் வரும் புதன்கிழமைக்குள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாய். இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் என்னிடம் சொன்னாய்: "அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கும்மா."

நியாயம் "இருக்கு". தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடியில் வளர்ந்தவள், உன்னைப் பெற்ற என்னிடம், "கீதும்மா" என்று சொல்லாமல் "இருக்கும்மா" என்கிறாய். அந்த ஒரு வார்த்தையில்தான் போனை வைத்தேன். மேனேஜர் மேல் கோபம் வந்தது உண்மை. உன் மேல் வந்தது அதைவிட அதிகம். ஆனால் அன்று முழுக்க யோசித்ததில், இரண்டு கோபமும் போய்ச் சேர வேண்டிய இடம் நான்தான் என்று தெரிந்தது. வாய் தவறி 'கீது' என்று சொன்னால் 'இருக்கிறது' என்று பத்து தடவை எழுது என்று உன்னை உட்கார வைத்தவள் நான். பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் உன் பேச்சைக் கேட்டு முகம் சுளித்தாள் என்பதற்காக, அவளிடம் போய் ஒரு வார்த்தை கேட்காமல் உன் முதுகில் ஒன்று வைத்தவளும் நான். இதோ, இப்போதுகூட எழுத்துத் தமிழில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத உட்கார்ந்தால் எனக்கு இது வரும், பேச வாயெடுத்தால் அது வரும். இரண்டும் என்னுடையவைதான். அப்படிச் சொல்லிக் கொடுப்பதை விட்டுவிட்டு, ஒன்று நல்லது, மற்றது கலீஜ் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். உனக்குத் தேன்மொழி என்று பெயர் வைத்தவளும் நான்தான் என்பதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

ஆனால் நான் செய்த பெரிய தப்பு அதுவும் இல்லை. அதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை. நீ பதினொன்றாம் வகுப்பு படித்தபோது நம் வீட்டுக்கு வந்த அந்த ரேடியோ ரிசீவரை நீ மறந்திருக்க மாட்டாய். நான் ரேடியோக்களுக்குச் செப்புக் கம்பியில் காயில் சுற்றிக்கொண்டிருந்த பட்டறையை மூடி ஒரு வருடம் ஆகியிருந்தது. வெளியூரிலிருந்து ரெடிமேட் செட்டுகள் வந்து இறங்கிய பிறகு கையால் காயில் சுற்ற ஆள் எதற்கு? முதலாளி எங்கள் பதினான்கு பெண்களுக்கும் ஆளுக்கொரு ஸ்வீட் பாக்கெட் கொடுத்து அனுப்பி வைத்தார். நான் ஸ்வீட்டை வாங்கவில்லை, சால்டரிங் அயர்னைக் கேட்டு வாங்கி வந்தேன். ஜன்னலோரம் பலகை போட்டு ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் ரிப்பேர் பார்க்க ஆரம்பித்தேன். பொம்பளை என்ன ரிப்பேர் பார்ப்பாள் என்று முதலில் கேட்டவர்கள் பிறகு தங்கள் செட்டைத் துணிக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். ரிச்சி தெருவில் உதிரிபாகம் விற்கிற கடைக்காரர் ஒருவருக்கு என் கைவேலை பிடித்துப்போய், நகரின் தென்பக்கத்தில் இருந்த ஒரு ரேடியோ ஆர்வலர் சங்கத்தில் என் பெயரைச் சொல்லிவிட்டார். சங்கத்துச் செயலாளர் காரில் வந்து, நம் படிக்கட்டின் வாசனைக்குக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே மூன்று மாடி ஏறி, அந்த ரிசீவரைக் கொடுத்தார்.

பூமியைச் சுற்றி வருகிற ஒரு சின்னச் செயற்கைக்கோள், ஒரு நாளில் சில தடவை நம் தலைக்கு மேலே போகும், போகிற பத்துப் பன்னிரண்டு நிமிடம் மட்டும் அது விடுகிற 'பீப் பீப்' சத்தத்தைப் பிடித்து டேப்பில் பதிவு செய்ய வேண்டும் என்பது அவர்கள் ஆசை. எத்தனை மணிக்கு எந்தத் திசையில் வரும் என்று ஒரு தாள் கொடுத்தார். இன்னொரு தாளில், நிமிடத்துக்கு இவ்வளவு என்று டயலைக் கீழே திருப்பிக்கொண்டே வர வேண்டும் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. ஏன் திருப்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரிந்துவிடுமே. செட்டைப் பழுது பார்த்துக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. அவர்கள் தாளில் உள்ளபடிதான் திருப்புகிறார்களாம், ஆனால் கோள் உச்சிக்கு வரும்போது, சத்தம் நன்றாகக் கேட்க வேண்டிய நேரத்தில், செட் அந்தச் சத்தத்தை விட்டு விலகி ஓடிவிடுகிறதாம். மறுபடி பார்த்துக் கொடுத்தேன். மறுபடி திரும்பி வந்தது. இந்தத் தடவை செயலாளர் மாடி ஏறவில்லை. டிரைவரிடம் கொடுத்தனுப்பி, பார்க்கத் தெரிந்தால் பார்க்கச் சொல், இல்லாவிட்டால் தெரிந்தவர்களிடம் கொடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியனுப்பினார். ரிச்சி தெருவுக்கும் அந்தப் பேச்சு போயிருந்தது. பட்டறை போன பிறகு எனக்கென்று இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான், அதுவும் போகப் பார்த்தது.

காயில் சுற்றி வளர்ந்த கைக்கு ஒரு புத்தி உண்டு. ஸ்டேஷன் நகர்ந்தால் காயில் சூடாகிவிட்டது என்றுதான் அது நினைக்கும். பட்டறையில் எங்களுக்கு எல்லாவற்றுக்கும் காரணம் அதுதான். காயில் சூடாகிவிட்டது, அதனால் அலைவரிசை நகர்ந்துவிட்டது. நான் அந்த ரிசீவரை நான்கு தடவை பிரித்தேன். காயிலைப் பிரித்துப் புதிதாகச் சுற்றினேன். மெழுகுவர்த்தியை உருக்கி அதன்மேல் ஊற்றி அசையாமல் செய்தேன். கண்டன்சர்களை மாற்றினேன். கடைசியில் பித்துப் பிடித்தவள்போல, நனைத்த கோணிப்பையைச் செட்டைச் சுற்றிப் போட்டு, பக்கத்தில் மின்விசிறியை வைத்தேன். உன் நைனா ஹார்பரில் ஷிஃப்ட் முடித்து வந்து அதைப் பார்த்துவிட்டு, செட்டுக்கு ஜுரமா என்று கேட்டார். அவர் கேட்ட கேள்விக்கு நான் ஒரு நாள் முழுக்க அவரோடு பேசவில்லை. பாவம், அவர்தான் மொட்டை மாடியில் ஏறி, பழைய டி.வி. ஆன்டெனாக் குழாய்களை வெட்டிச் செய்த ஆன்டெனாவைக் கையில் பிடித்துக்கொண்டு, வானத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பார்த்து எண்ணூர்ப் பக்கமிருந்து மெல்லத் திருப்பிக்கொண்டே வருவார். பக்கத்து பிளாக்கில் எல்லோரும் அவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

நீ என்ன செய்தாய் தெரியுமா? அந்தத் தாளைத் தூக்கிப் போட்டாய். நான் திருப்புகிற டயலை உன் கைக்கு வாங்கிக்கொண்டு, காதால் மட்டும் கேட்டு, பீப் சத்தம் ஒரே சுருதியில் நிற்கிற மாதிரி திருப்பிக்கொண்டே வந்தாய். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை டயல் எங்கே நிற்கிறது என்று உன் பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டின் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்தாய். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ஒன்பது நாள். நான் திட்டிக்கொண்டேதான் இருந்தேன், பரீட்சைக்குப் படிக்காமல் புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறாளே என்று. ஒன்பதாவது நாள் எல்லாத் தாளையும் தரையில் வரிசையாகப் பரப்பினாய். எல்லாவற்றிலும் ஒரே கோடு. மேலே கொஞ்ச நேரம் அசையாமல் போய், நடுவில் சரேலென்று இறங்கி, கீழே மறுபடி அசையாமல் போகிற கோடு. இங்கிலீஷ் எஸ் எழுத்தைப் பிடித்து இழுத்துவிட்ட மாதிரி இருந்தது.

"எம்மா, காயிலு சூடாவுதுன்னா காலையில ஒரு மாதிரி, சாயங்காலம் ஒரு மாதிரி ஆவணும். இது எப்பவும் ஒரே மாதிரி கீது. செட்டு ஒழுங்காத்தான் கீது. அதுதான் வந்துகினு கீது, அப்பால போய்கினு கீது," என்றாய்.

எனக்குப் புரியவில்லை. நீ என்னை ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு போனாய். கீழே ஹைரோட்டில் தண்ணி லாரி வரும் நேரம். "நீதானே படியில இருந்துகினே சொல்லுவ, லாரி தாண்டிச்சு, ஓடுன்னு. பாக்காமயே உனக்கு எப்டி தெரியும்?" என்று கேட்டாய். ஹாரன் சத்தத்தில் தெரியும் என்றேன். தூரத்தில் வரும்போது ஹாரன் ஒரே மாதிரிதான் கேட்கும். நம் கேட்டைத் தாண்டுகிற நேரத்தில்தான் டக்கென்று சுருதி இறங்கும். தாண்டிய பிறகு இறங்கினபடியே போகும். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் நம் பிளாக்கில் எத்தனை பெண்கள் குடத்தோடு ஓடியிருக்கிறோம். "லாரிக்காரன் ஹாரனை மாத்துனானா? இல்லல்ல? அவன் ஒரே ஹாரன்தான் அட்ச்சான். கேக்குற நாமதான் வேற வேற மாதிரி கேக்குறோம்," என்றாய். சங்கத்துக்காரர்கள் தப்பு செய்ததும் அங்கேதான் என்று விளக்கினாய். கோள் கிட்டே வரும்போது அலைவரிசை ஏறும், விலகும்போது இறங்கும் என்பது அவர்களுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரியும். ஆனால் பஸ் டிக்கெட்டுக்கு ஸ்டேஜ் பிரிப்பதுபோல நிமிடத்துக்கு இவ்வளவு என்று சமமாகப் பங்கு போட்டுத் தாள் எழுதிவிட்டார்கள். அது சமமாக இறங்குவதே இல்லை. தலைக்கு மேலே தாண்டுகிற அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில்தான் முக்கால்வாசி இறக்கமும். அங்கே வேகமாகத் திருப்ப வேண்டும், மற்ற இடத்தில் சும்மா இருக்கலாம். தண்ணி லாரிக்கு ஓடத் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் அது தெரியும். எனக்கும் இருபது வருடமாகத் தெரிந்திருந்தது, தெரியும் என்பதுதான் தெரியவில்லை.

இதுவரைக்கும் நினைத்துப் பெருமைப்படலாம். இனி நான் சொல்வதை நீ ஒரு நாளும் என்னிடம் எடுத்துப் பேசியதில்லை, அதனால் நானே எடுக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் கூட்டத்துக்கு ரிசீவரையும் உன் தாள்களையும் எடுத்துக்கொண்டு போனோம். உன் பள்ளிக்கூடத்துக் கூட்டத்துக்குக்கூடக் கட்டாத பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டேன். பாரிமுனையில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது உன்னிடம், "அங்க வந்து வாயத் தொறக்காத. கீது பூடுச்சுன்னு எதுனா சொல்லி மானத்த வாங்காத. நான் பேசிக்கிறேன்," என்றேன். நீ தலையாட்டினாய். நான் முந்தின நாளே எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்: செயற்கைக்கோள் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது, பிறகு விலகிச் சென்றுகொண்டிருக்கிறது. 'வந்துகினு' என்று வாய் போய்விடக் கூடாது என்று பஸ் முழுக்க வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தேன்.

நல்லபடியாகத்தான் சொன்னேன். உன் தாளைப் பிரித்துக் காட்டினேன். செயலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், இன்னும் நாலு பேர் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். பிறகு அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, இதை யார் போட்டது என்று கேட்டார். நீ என் பக்கத்து நாற்காலியில் இருந்தாய். உன் முழங்கால் என் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. என் மகள் போட்டது என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். நான் சொன்னேன்: "எங்களுக்குத் தெரிந்த ஒரு கல்லூரிப் பேராசிரியர் விளக்கிச் சொன்னார்."

ஏன் சொன்னேன் என்று இத்தனை வருடமாக என்னையே கேட்டிருக்கிறேன். உன்னைச் சொன்னால் நம்ப மாட்டார்கள், சிரிப்பார்கள், உன்னை எழுப்பி நிற்க வைத்து ஏதாவது கேட்பார்கள், நீ 'வந்துகினு கீது' என்பாய் என்று பயந்தேன். பேராசிரியர் என்றதும் எல்லோர் முகமும் தெளிந்துவிட்டது. அப்படியா, அதானே பார்த்தேன் என்று தலையாட்டினார்கள். எந்தக் கல்லூரி என்று ஒருவர் கேட்டார், நான் இருமி மழுப்பினேன். ரிசீவர் ஒழுங்கு என்று ஆகிவிட்டது. எனக்கு டீ கொடுத்தார்கள், ரிச்சி தெருவில் என் பெயர் நிலைத்தது, அதற்குப் பிறகு அந்தச் சங்கத்து ஆட்களின் செட்டுகள் வரிசையாக நம் வீட்டுக்கு வந்தன. உன் இன்ஜினியரிங் படிப்புக்கு அந்த வேலை கை கொடுத்தது என்று நான் சமாதானம் சொல்லிக்கொள்வேன். அது சமாதானம்தான், நியாயம் இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாய். பீச் ஸ்டேஷன் தாண்டியதும் திரும்பி, "எம்மா, அந்த ப்ரொபசரு நல்லாப் படிச்சவரா?" என்று கேட்டாய். நீ சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். நான் கண்டக்டரிடம் பாக்கிச் சில்லறையைக் கேட்டேன்.

இப்போது சொல்கிறேன், கேள். அந்தப் பேராசிரியர் சாகவில்லை. நான் பயத்தில் பெற்றுவிட்ட அந்த ஆள் இத்தனை வருடம் எங்கேயோ இருந்துவிட்டு, இப்போது கோட்டு போட்டுக்கொண்டு பெங்களூரில் உன் பக்கத்தில் வந்து நிற்கிறான். வெள்ளிக்கிழமை அவன்தான் பேசப் போகிறான். நீ செய்தது என்ன என்று நீ எனக்குச் சொல்லியிருக்கிறாய், எனக்குப் புரியாது என்று நினைத்துச் சுருக்கமாகச் சொன்னாய், எனக்கு நன்றாகவே புரிந்தது. ரயில் டவரை நோக்கி வரும்போது அலைவரிசை ஒரு பக்கம் விலகியிருக்கும், டவரைத் தாண்டுகிற கணத்தில் சட்டென்று மறுபக்கம் விழும். மற்றவர்கள் செய்த கணக்கு, விழுந்த பிறகு எவ்வளவு விழுந்தது என்று அளந்து பின்னாலேயே ஓடும், அதற்குள் பேச்சு அறுந்துவிடும். உன் கணக்குக்கு அந்த வளைவு முன்னாலேயே தெரியும், விழப் போகிற இடத்தில் முன்கூட்டியே திருப்பிக்கொள்ளும். அது பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டில் நீ போட்ட கோடு, தேன்மொழி. நம் வீட்டுத் தரையில் விரித்த கோடு. அதை ஒருவன் எழுந்து நின்று தன் வாயால் சொல்ல, நீ கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாயா? மறுபடியுமா?

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். நீயே ஒரு தடவை எனக்குச் சொல்லியிருக்கிறாய், கேட்கிறவன் மட்டும் திருப்பினால் போதாது, மேலே கோளுக்கு அனுப்பும்போது அனுப்புகிறவனும் கொஞ்சம் மாற்றி அனுப்ப வேண்டும், அப்போதுதான் அங்கே சரியாகப் போய்ச் சேரும் என்று. ஒப்புக்கொள்கிறேன். கொஞ்சம் மாற்று. மெதுவாகப் பேசு, வார்த்தையை விழுங்காதே, புரியவில்லை என்றால் இன்னொரு தடவை சொல், போர்டில் அந்தக் கோட்டைப் பெரிதாகப் போட்டுக் காட்டு. இங்கிலீஷை இன்னும் படி, எவ்வளவு வேண்டுமானாலும் படி, அது நல்ல கருவி, கருவியை வேண்டாம் என்று சொல்கிறவள் நான் இல்லை. அதெல்லாம் திருத்தம். ஆனால் அனுப்பாமலே வாயை மூடிக்கொண்டு உட்கார்வதற்கு உன் படிப்பில் திருத்தம் என்றா பெயர்? ஹாரன் சத்தம் மாறிக் கேட்கிறது என்பதற்காக லாரியை நிறுத்திவிட்டு, ஹாரனை வேறு ஒருவனிடம் கழற்றிக் கொடுப்பார்களா? வருகிறவர்கள் அத்தனை தூரத்திலிருந்து வருகிறார்கள், அவர்கள் பேச்சை நீ இரண்டு வருடமாகப் போனில் கேட்டுப் புரிந்துகொண்டாயே, உன் பேச்சை அவர்கள் ஒரு மணி நேரம் காது கொடுத்துக் கேட்டால் தேய்ந்துவிட மாட்டார்கள். புரியாத பேச்சைப் பிடிக்கிற கருவி செய்து விற்கிற கம்பெனிக்கு உன் பேச்சு புரியாது என்றால், அவர்கள் கருவியை நான் வாங்க மாட்டேன்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை வேண்டும் அல்லவா? அதனால் இன்று காலையில் அந்தச் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் போனேன். உன் நைனா கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். பட்டுப் புடவை கட்டவில்லை, வேலை செய்கிற புடவையிலேயே, சால்டரிங் சுட்ட ஓட்டைகளோடு போனேன். எதையும் மனப்பாடம் செய்யவில்லை. கூட்டத்தில் அன்றைக்கு இருந்தவர்களில் இரண்டு மூன்று பேர்தான் இருந்தார்கள், மற்றவர்கள் எல்லாம் உன் வயதுப் பிள்ளைகள். செயலாளருக்கு நன்றாக வயதாகிவிட்டது, காதில் மெஷின் வைத்திருக்கிறார். என்னை அடையாளம் தெரிந்து, செட் ஏதாவது கொண்டு வந்திருக்கிறாயா என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன்.

"ப்ரொபசரும் கெடையாது, ஒன்னியும் கெடையாது சார். அந்தக் கோடு போட்டது எம் பொண்ணு. அன்னிக்கு எம் பக்கத்துலதான் குந்திகினு இருந்தா. நான்தான் பொய் சொன்னேன்."

அவருக்குப் பிடிபடவில்லை. என்னம்மா என்றார். மறுபடி சொன்னேன், அதே மாதிரி, ஒரு எழுத்து மாற்றாமல். காதில் கை வைத்து அந்த மெஷினைத் திருகினார். இன்னும் ஒரு தடவை சொல்லுங்கள் என்றார். மூன்றாவது தடவை அவருக்குப் புரிந்துவிட்டது. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டார்.

"அப்ப உங்களாண்ட பயம் சார். இப்ப இல்ல," என்றேன்.

பின்னால் ஒரு பிள்ளை சிரித்தது, செயலாளர் சிரிக்கவில்லை. எழுந்து போய் அலமாரியைத் திறந்து, கூட்டத்தில் பேசியதையெல்லாம் எழுதி வைக்கிற பழைய குறிப்பு நோட்டுகளைக் கிளற ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான் நின்றுகொண்டேதான் இருந்தேன், உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. கடைசியில் அந்த நாளின் பக்கம் கிடைத்தது. உன் கோட்டைச் சின்னதாக வரைந்து, பக்கத்தில் இங்கிலீஷில் எழுதி வைத்திருக்கிறார்கள், ஒரு கல்லூரிப் பேராசிரியர் விளக்கியபடி என்று. அவர் தன் பேனாவை எடுத்துப் பேராசிரியரை ஒரே கோடாக அடித்தார். மேலே என்ன எழுத என்று கேட்டார். தமிழிலேயே எழுதச் சொன்னேன். எழுத்தெழுத்தாக எழுதினார். அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். மடிப்பில் கிழியாமல் பிரித்துப் பார். 'தேன்மொழி, பதினொன்றாம் வகுப்பு, தண்டையார்பேட்டை.'

நாளைக்குக் காலையில் கூரியரில் போட்டால் செவ்வாய்க்கிழமை உன் கைக்கு வந்துவிடும் என்றார்கள். புதன்கிழமை நீ உன் மேனேஜரிடம் போய் என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித் தர மாட்டேன். சொல்லித் தந்து சொல்லித் தந்துதான் உன்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்தேன். வேலை போய்விடும் என்று பயமாக இருந்தால், ஜன்னலோரப் பலகை இன்னும் இங்கேதான் இருக்கிறது, நைனா இன்னும் ஆன்டெனா பிடிப்பார். எழுத்துத் தமிழில் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டேன். கடைசியாக ஒன்றை நம் பேச்சிலேயே எழுதுகிறேன். இதுவரைக்கும் ஒரு காகிதத்திலும் நான் இப்படி எழுதியதில்லை.

தேனு, உன் செட்டு ஒழுங்காத்தான் கீது. நீ பேசு. அவங்க டயலத் திருப்பிகினு கேக்கட்டும்.

அம்மா